1949 மெர்குரி, 1/25: கூரையை எவ்வளவு வெட்டலாம்?

வெட்டுக்கிளி (சென்னை), சனி இரவு 11.10

மூன்று வருடமாகப் பீரோ மேல் கிடந்த 1949 மெர்குரி கூப் (இரண்டு கதவுக் கார்) பிளாஸ்டிக் மாடல் கிட்டை ஒருவழியாக இறக்கிவிட்டேன். அளவு 1/25, அதாவது நிஜக் காரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. பெட்டி ஒரு மூலையில் நசுங்கியிருக்கிறது. உள்ளே பாடிக்குச் சேதம் இல்லை. முன் பம்பரின் ஒரு கொம்பு மட்டும் முறிந்து பைக்குள் கிடந்தது, ஒட்டிக்கொள்ளலாம்.

பெட்டிப் படத்தில் இருக்கிறபடி கட்டப்போவதில்லை. கூரையை வெட்டி இறக்க வேண்டும், கதவுக் கைப்பிடிகளைச் சுரண்டி எடுக்க வேண்டும், ஹெட்லைட்டை மட்கார்டுக்குள் புதைக்க வேண்டும். 1950களில் கலிஃபோர்னியாவில் ஓடினவே, அந்த மாதிரி ஒரு கஸ்டம் மெர்குரி.

இந்தக் காரைத் தெரியாதவர்களுக்காக: பூசணிக்காயைப் படுக்கவைத்த மாதிரி உடம்பு. 118 அங்குல வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம்), 255 கன அங்குல ஃப்ளாட்ஹெட் வி8 எஞ்சின், 110 குதிரைத்திறன். உடம்பு பெரிது, கூரை உயரம். அந்த உயரம் பொறுக்காமல்தான் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துப் பட்டறைகள் ரம்பத்தை எடுத்தன. அப்படிப் பட்டறை வைத்திருந்த பாரிஸ் (Barris) சகோதரர்களில் சாம் தன் சொந்த 1949 கூபையே வெட்டினார். அவர்கள் கடையில் பாப் ஹிரோஹாட்டாவுக்காகச் செய்த 1951 மெர்குரி இன்றைக்கும் கஸ்டம் உலகத்தின் ராஜா. 2022இல் ஏலத்துக்கு வந்தபோது ஏறக்குறைய 20 லட்சம் டாலருக்குப் போனது.

அந்தக் காரில் கூரையை முன்பக்கம் 4 அங்குலம், பின்பக்கம் 7 அங்குலம் இறக்கினார்கள். 4 அங்குலம் என்றால் 101.6 மி.மீ. அதை 25ஆல் வகுத்தால் 4.06. அதேபோல் 7 அங்குலத்துக்கு 7.1. ஆகவே முன்னால் 4, பின்னால் 7 என்று மார்க் பண்ணி வைத்திருக்கிறேன். நாளைக்கு ரம்பம். தடுக்கிறவர்கள் இப்போதே தடுக்கலாம்.

மலர்விழி (கோவை), ஞாயிறு காலை 6.45

தடுக்கச் சொன்னீர்கள், தடுக்கிறேன். அந்தக் காரில் பார்க்கிற மாதிரி இருப்பதே கூரையும் பின் கண்ணாடியும் சேரும் வளைவுதான். அதைப் போய் வெட்டுகிறீர்களே! வெட்டிய மெர்குரி இணையம் முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது. ஷோரூமிலிருந்து இறங்கியபடி, சரியான நிறத்தில், சரியான சீட் துணியோடு கட்டிய ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

சரி, கேட்கமாட்டீர்கள் என்று தெரியும். குறைந்தபட்சம் ரம்பத்துக்கு முன்னால் பாடியைப் பாத்திரம் தேய்க்கிற சோப்பில் கழுவிவிடுங்கள். அச்சிலிருந்து கழலுவதற்காகத் தடவுகிற பிசுக்கு மிச்சம் இருந்தால் பெயின்ட் வட்டம் வட்டமாக விலகி நிற்கும். மட்கார்டு மேலேயும் கூரையைத் தாங்குகிற தூண்களிலும் அச்சுக் கோடு ஓடும், அதையும் இப்போதே சுரண்டுங்கள். வெட்டிய பிறகு தூணில் கத்தி வைத்தால் தூணே கையோடு வந்துவிடும்.

வெட்டுக்கிளி, ஞாயிறு காலை 8.20

கழுவிவிட்டேன் அக்கா. ஆனால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஏஎம்டி என்கிற அமெரிக்க கிட் கம்பெனி 1958இல் கொண்டுவந்த கிட்களே ஒரு பெட்டிக்குள் மூன்று விதம்தானே? ஸ்டாக்காக (ஷோரூமில் வந்தபடி) கட்டலாம், கஸ்டமாக (மாற்றி) கட்டலாம், ரேஸ் காராகவும் கட்டலாம். கையில் கொடுக்கும்போதே மாற்றிக்கொள் என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள்.

மலர்விழி, ஞாயிறு காலை 8.31

பெட்டிக்குள் கொடுத்த பாகத்தை ஒட்டுவது வேறு தம்பி, கழுத்தை அறுப்பது வேறு. செய்யுங்கள், செய்யுங்கள். படம் மட்டும் போட மறக்காதீர்கள்.

புதுப்பையன், ஞாயிறு காலை 9.05

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 1/25 என்கிறீர்கள், கடையில் 1/24 என்றும் இருக்கிறது. ஒரே காருக்கு எதற்கு இரண்டு அளவு? ஒன்றின் சக்கரத்தை இன்னொன்றில் போடலாமா?

தச்சன் (ரொறன்ரோ), ஞாயிறு இரவு 7.50

தம்பி, 1/24 என்றால் ஓரடிக்கு அரை அங்குலம். அடிக்கணக்கில வேலை செய்கிற ஆட்களுக்கு அது சுகம். அமெரிக்காவில கார் விற்கிற கடைகள் புது மொடலைக் காட்டுவதற்கு மேசையில வைத்த சின்னக் கார்கள் 1/25இல் வந்தன. ஏஎம்டி அந்த வழியால் வந்த கம்பனி, கிட்டையும் அதே அளவில போட்டது. மொனோகிராம் என்ற இன்னொரு கிட் கம்பனி 1/24இல் போட்டது. இரண்டும் நிலைத்துவிட்டது.

மெர்குரியின் வீல்பேஸ் 1/25இல் கிட்டத்தட்ட 120 மில்லிமீற்றர், 1/24இல் 125. சக்கரம், எஞ்சின், சீற் எல்லாம் மாற்றிப் போடலாம், ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கண்ணாடியும் பானெட்டும் மட்டும் மாற்ற ஏலாது.

பழையகராஜ் (சேலம்), ஞாயிறு இரவு 9.15

வெட்டுக்கிளி தம்பி, இன்னும் வெட்டவில்லையென்றால் இதைப் படித்துவிட்டு வெட்டுங்கள்.

நான் 31 வருடம் டிங்கரிங் பட்டறை வைத்திருந்தவன். மெர்குரியை நேரில் பார்த்ததில்லை. ஆனால் லாரிக்கு அடியில் போய்க் கூரை அமுங்கிய அம்பாசடர்களுக்கு வேறு வண்டியின் கூரையை அறுத்து வைத்திருக்கிறேன். தகரமானாலும் பிளாஸ்டிக்கானாலும் சங்கதி ஒன்றுதான். கூரை என்பது மூடி இல்லை, பாடியை இழுத்துப் பிடித்திருக்கிற கட்டு. அதை அறுத்த நொடியில் இரண்டு பக்கமும் தளர்ந்து விரியும், இல்லையென்றால் உள்ளே சாயும். நாங்கள் அறுப்பதற்கு முன்னால் கதவுக்குக் கதவு குறுக்கே ஆங்கிள் வைத்து வெல்டு அடித்துவிடுவோம். நீங்கள் ஸ்ப்ரூ சட்டத்தில் (பாகங்கள் ஒட்டிக்கொண்டு வருகிற பிளாஸ்டிக் சட்டம்) நேரான துண்டாக இரண்டு நறுக்கி, கதவு மட்டத்தில் உள்பக்கம் குறுக்கே ஒட்டுங்கள். வேலை முடிந்ததும் வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

ரம்பமே 0.3 மி.மீ. பக்கம் தின்றுவிடும். இரண்டு கோடு அறுத்தால் அரை மில்லிக்கு மேல் காணாமல் போகும். ஆகவே கோட்டின் மேலே அறுக்காதீர்கள், எடுத்தெறியப்போகிற பக்கமாக அறுங்கள். மீதியை உப்புத்தாளில் தேய்த்துக் கோட்டுக்கு வாருங்கள்.

மூன்றாவது சங்கதி முக்கியம். முன்தூண் நேராக நிற்பதில்லை, மேலே போகப் போகப் பின்னால் சாய்கிறது. பக்கவாட்டிலும் உள்ளே சாய்கிறது. காரை முன்னாலிருந்து பாருங்கள், கூரை குறுகலாகவும் இடுப்பு அகலமாகவும் இருக்கும். நடுவில் 4 மி.மீ. துண்டை எடுத்துவிட்டுக் கூரையைச் செங்குத்தாக இறக்கினால் மேல்தூணும் கீழ்த்தூணும் சந்திக்காது. முன்னுக்குப் பின்னும் விலகும், பக்கவாட்டிலும் விலகும். இதை யோசித்துவிட்டு அறுங்கள்.

வெட்டுக்கிளி, திங்கள் இரவு 12.40

ஐயா, உங்கள் பதிவைப் படிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அறுத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். மாஸ்கிங் டேப்பை நூல் பிடித்த மாதிரி சுற்றிலும் ஒட்டி, அதன் விளிம்பில் மெல்லிய ரம்பத்தை வைத்து இழுத்தேன். முன்தூண் இரண்டும் பத்து நிமிடத்தில் வந்தன. பின்பக்கம் அரை மணி நேரம் ஆனது, பிளாஸ்டிக் அங்கே தடிமன். கூரை கழன்று கையில் வந்தபோது நிஜமாகவே வயிறு கலங்கியது. ஆமை ஓட்டைக் கழற்றிய மாதிரி இருந்தது.

துண்டுகளை எடுத்துவிட்டுக் கூரையைக் கீழே வைத்தேன். நடுத்தூண் மட்டும் தன் இடத்தில் உட்கார்ந்தது. முன்னால் மேல்தூணின் நுனி கீழ்த்தூணுக்கு 2 மி.மீ. பின்னால் நிற்கிறது. பின்னால் அதைவிட மோசம். டப்பாவை விடச் சின்ன மூடி உள்ளே விழுந்து கிடக்கிறதே, அப்படி. சுற்றிலும் ஒரு படிக்கட்டு தெரிகிறது. படம் இணைத்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம்.

மலர்விழி, திங்கள் காலை 6.30

சிரிக்கவில்லை. டீயை மட்டும் கீழே வைத்துவிட்டேன்.

புதுப்பையன், திங்கள் காலை 7.15

அண்ணா, கூரையை நடுவில் குறுக்கே வெட்டி நீட்டிவிட்டால் இரண்டு பக்கமும் எட்டிவிடாதா?

பழையகராஜ், திங்கள் காலை 10.00

எட்டும். புதுப்பையன் சொன்னது தப்பில்லை, நிறையக் கார்களில் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் கூரை நடுவில் ஒரு ஒட்டு விழும். அந்த இடம் லேசாக மேடு பள்ளமாக இருந்தாலும் பளபளப்புப் பூச்சில் காட்டிக்கொடுத்துவிடும். கூரை போல் காட்டிக்கொடுக்கிற இடம் காரிலேயே வேறு கிடையாது. வேறு வழி இருந்தால் அதில் போங்கள்.

தச்சன், திங்கள் இரவு 8.40

வேறு வழி இருக்கு. மெர்குரிக்கென்றே பழகிப்போன வழி. நான் இரண்டு மெர்குரி வெட்டியிருக்கிறன், முதலாவது குப்பைக்குப் போனது, அதனால் சொல்லுகிறன்.

கூரையைச் செங்குத்தாய் இறக்க வேண்டாம். இறக்கி, முன்னுக்குத் தள்ளுங்கோ. முன்தூண் முன்தூணோடு சேரும்வரை தள்ளி, அதை முதலில் ஒட்டிவிடுங்கோ. அகலம் பொருந்தாததற்குக் கீழ்த்தூணின் அடியில் உள்பக்கம் கத்தியால் லேசாய்க் கீறி உள்ளே சாய்த்தால் போதும். தூணுக்குள் 0.5 மில்லிமீற்றர் துளை போட்டு ஒரு துண்டுக் கம்பி விட்டால் பிறகு முறியாது. நடுத்தூண் விலகும், அது நேரான தூண், அதை அறுத்துத் தனியாய் வைக்கலாம்.

இப்ப முழுப் பிழையும் பின்னுக்கு வந்து சேர்ந்திருக்கும். அதுதான் எங்களுக்கு வேண்டியது. பின் கண்ணாடியை அதன் சட்டத்தோடு ஒரே துண்டாய் வெட்டி எடுங்கோ. அடி விளிம்பு டிக்கிக்கு மேலே பழைய இடத்திலேயே இருக்கட்டும், தலையை மட்டும் முன்னுக்குச் சரித்துக் கூரையோடு சேருங்கோ. கண்ணாடி இன்னும் படுத்த மாதிரி வரும். இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரி இடைவெளி விழும், அதைப் பிளாஸ்ரிக் தகட்டால் அடையுங்கோ. அந்த வழுக்கிக்கொண்டு போகிற முதுகு இப்படித்தான் வருகிறது.

இன்னொன்று. உங்களுடைய 4க்கு 7 கணக்கை மறந்துவிடுங்கோ. ஹிரோஹாட்டாவின் கார் 1951. அந்த வருசம் பின் கண்ணாடி பெரிசாகிவிட்டது, பின் மட்கார்டும் நீண்டுவிட்டது. போதாததற்கு அவர்கள் நடுத்தூணையே எடுத்துவிட்டுப் பக்கக் கண்ணாடியின் சட்டத்தைப் புதிசாய் வளைத்தார்கள். அந்தக் காரின் இலக்கம் அந்தக் காருக்குத்தான். உங்களுடையது 1949, தூண் இருக்கிற கூப். 7 போட்டால் பக்கக் கண்ணாடியின் பின்பாதி கீற்றாய் ஒடுங்கிப்போகும்.

வெட்டுக்கிளி, செவ்வாய் இரவு 11.55

தச்சன் அண்ணா, நீங்கள் சொன்னபடி முன்தூண்களை ஒட்டிவிட்டேன். கம்பிக்கு என்ன செய்வது என்று தேடி, பழுதான இயர்போனை அறுத்துப் பார்த்தேன், அது முடியைப் போல் மெலிது. கடைசியில் ஸ்டேப்ளர் பின்தான் சரியாக வந்தது.

பின்பக்கத்தை உடனே ஒட்டவில்லை. டேப்பில் பிடித்து வைத்து, 7 மி.மீ. இறக்கத்தில் தரையோடு தரையாகப் படுத்து ஒரு படம் எடுத்தேன். பிறகு 6, 5, 4. நான்கு படத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் 7இல் கார் குடித்துவிட்டுத் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்ட மாதிரி இருக்கிறது. 4இல் வெட்டினதே தெரியவில்லை. 5க்கும் 6க்கும் நடுவில் ஏதோ ஒரு இடத்தில் கூரையிலிருந்து டிக்கி வரைக்கும் கோடு நிற்காமல் இறங்குகிறது. உங்களுக்கு எது என்று சொல்லுங்கள். நான் சொல்லமாட்டேன்.

மலர்விழி, புதன் காலை 6.40

5.5. அளவுகோலை எடுக்காதீர்கள், பக்கக் கண்ணாடியைப் பாருங்கள். அதன் மேல்கோடும் கீழ்கோடும் பின்னால் போய் ஒரே புள்ளியில் சந்திக்கப்போவது போல இருக்க வேண்டும். 6இல் சீக்கிரமே சந்தித்துவிடுகின்றன.

வெட்டுவது பிடிக்காது என்றுதான் சொன்னேன், கண் தெரியாது என்று சொல்லவில்லை.

தச்சன், புதன் இரவு 7.20

அக்கா சொன்னதுதான். 5.5.

பழையகராஜ், புதன் இரவு 9.30

நானும் அதுதான் நினைத்தேன். ஒட்டுங்கள்.

பட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. இடைவெளியைப் பட்டியால் அடைக்காதீர்கள். பிளாஸ்டிக்கால் அடையுங்கள், பட்டி அதன் மேலே தோலாக மட்டும் இருக்கட்டும். டியூபில் வருகிற லேக்கர் பட்டி தின்னர் பறக்கப் பறக்கச் சுருங்கும். இன்றைக்கு மட்டமாகத் தேய்த்தால் மூன்று வாரம் கழித்து, பெயின்டுக்கு அடியில், பள்ளம் விழுந்திருக்கும். ஆழமான இடத்துக்கு இரண்டு பாகம் கலக்கிற எபாக்ஸி பட்டி போடுங்கள். அவசரமென்றால் சூப்பர் க்ளூ விட்டு மேலே சமையல் சோடாவைத் தூவுங்கள், நொடியில் கல்லாகும். அன்றைக்கே தேய்த்துவிட வேண்டும். நாளைக்கு என்று வைத்தால் அது இறுகிப்போய், சுற்றியிருக்கிற பிளாஸ்டிக்தான் முதலில் தேயும்.

பழைய அமெரிக்கப் பட்டறைகளில் இதே வேலைக்கு ஈயத்தை உருக்கிப் பூசி, மரக்கரண்டியால் தடவி, அரம் போட்டு மட்டம் பண்ணினார்கள். இந்த மாதிரிக் கார்களுக்கு லெட் ஸ்லெட் என்று பேர் வந்ததே அதனால்தான். லெட் என்றால் ஈயம், ஸ்லெட் என்றால் சறுக்குவண்டி. நான் தொழில் கற்ற கடையில் ஒரு பெரியவர் ஈயம் பூசித்தான் ஒட்டு மறைப்பார், பட்டியைத் தொடமாட்டார். அவர் பூசிய மட்கார்டைத் தட்டிப் பார்த்தால் மணிச் சத்தம் வரும். பட்டி போட்டதைத் தட்டினால் தொந்தியைத் தட்டின மாதிரி மொத்தென்று இருக்கும்.

புதுப்பையன், வியாழன் மாலை 5.10

ஐயா, கைப்பிடியைச் சுரண்டிவிட்டால் நிஜக் காரில் கதவை எப்படித் திறப்பார்கள்?

தச்சன், வியாழன் இரவு 8.00

கதவுக்குள் சோலனாய்ட், அதாவது மின்சாரத்தில தாழ்ப்பாளை இழுக்கிற சுருள், வைத்திருப்பார்கள். பொத்தானை மட்கார்டுக்கு அடியிலோ வேறெங்கோ ஒளித்துவைப்பார்கள். பற்றறி இறங்கினால் சொந்தக் காருக்குள்ளேயே போக ஏலாது.

வெட்டுக்கிளி, அடுத்த ஞாயிறு இரவு 10.30

பாடி வேலை முடிந்தது. கூரை ஒட்டியாயிற்று, ஆப்பு இடைவெளிகளை 1 மி.மீ. தகட்டால் அடைத்தேன். ஹெட்லைட் வளையத்தை ஒட்டிச் சுற்றிலும் எபாக்ஸி பட்டி இழுத்து மட்கார்டோடு சேர்த்தேன். உப்புத்தாள் 400, 600, 1000 என்று போய்ச் சாம்பல் ப்ரைமர் அடித்தேன். ப்ரைமர் அடித்த பிறகுதான் எத்தனை பள்ளம் என்று தெரிந்தது. பட்டி, தேய்ப்பு, ப்ரைமர். இப்படி நான்கு தடவை. இடதுபக்கம் நன்றாக வந்திருக்கிறது. வலதுபக்கத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

சஸ்பென்ஷனையும் இறக்கிவிட்டேன். முன்னால் அச்சு நுழைகிற இடத்தை மேலே மாற்றினேன், பின்னாலும் அச்சை மேலே ஏற்றினேன். பின் சக்கரத்தை மூடுகிற ஸ்கர்ட் போட்டால் கார் தவழ்கிறது.

கிரில்லின் குரோம் எனக்குப் பிடிக்கவில்லை, தடிமனாகப் பூசி விவரமெல்லாம் மூடிப்போயிருந்தது. வெள்ளைத் துணிக்குப் போடுகிற ப்ளீச் திரவத்தில் போட்டேன், பத்து நிமிடத்தில் வெள்ளி காணாமல் போய்விட்டது.

மலர்விழி, திங்கள் காலை 6.50

ப்ளீச்சைப் பற்றி இதைப் படிக்கிற பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. பூச்சு உண்மையில் குரோம் இல்லை, வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம், அதனால்தான் ப்ளீச்சில் கரைகிறது. ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். கழிவறை கழுவுகிற ஆசிட் எதையும் அதோடு சேர்த்துவிடாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், விளையாட்டில்லை.

நிறம் என்ன?

வெட்டுக்கிளி, திங்கள் காலை 9.00

ஹிரோஹாட்டா காரின் இரண்டு பச்சையைப் போடலாம் என்று முதலில் நினைத்தேன். அளவையே அந்தக் காரிடமிருந்து கடன் வாங்கக் கூடாது என்று நீங்கள் எல்லோரும் சொன்ன பிறகு நிறத்தை மட்டும் வாங்குவானேன்? கத்தரிக்காய் ஊதா. முதலில் வெள்ளி, அதன் மேல் உள்ளே தெரிகிற மாதிரி ஊதா, ஐந்தாறு மெல்லிய பூச்சு. கேண்டி பெயின்ட் என்பார்களே, அது.

வெட்டுக்கிளி, புதன் இரவு 11.20

அவசர உதவி வேண்டும். ஊதா அருமையாக வந்தது. அதன் மேல் இன்றைக்கு மாலை கிளியர் கோட் (நிறமில்லாத பளபளப்பு லேக்கர்) அடித்தேன். பத்து நிமிடத்தில் கூரையும் பானெட்டும் பாலாடை படிந்த மாதிரி வெளுத்துவிட்டன. திராட்சை மேல் மாவு பூத்திருக்குமே, அந்த மாதிரி. மறுபடியும் எல்லாவற்றையும் உரிக்க வேண்டுமா?

மலர்விழி, புதன் இரவு 11.34

தொடாதீர்கள்! உரிக்க வேண்டாம். வெளியே மழையா?

வெட்டுக்கிளி, புதன் இரவு 11.36

மூன்று நாளாக. பால்கனியில் துணிகூடக் காயவில்லை.

மலர்விழி, புதன் இரவு 11.52

அதுதான் காரணம். லேக்கரில் இருக்கிற தின்னர் வேகமாகப் பறக்கும்போது அந்த இடம் குளிர்ந்துபோகும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அது பூச்சின் மேலேயே பனியாக இறங்கி உள்ளே மாட்டிக்கொள்ளும். நீங்கள் பார்ப்பது அழுக்கு இல்லை, தண்ணீர்.

வெயில் அடிக்கிற நாள் வரும்வரை ஒரு டப்பாவால் மூடிவையுங்கள். ஒரு நல்ல நாள் பகல் பதினொரு மணிக்கு மேல், மெதுவாகக் காய்கிற தின்னர் அதிகமாகக் கலந்த கிளியரை மெலிதாக ஒரு பூச்சு அடியுங்கள். பழைய பூச்சு இளகும், ஈரம் வெளியே போகும், வெள்ளை மறையும். ஈரமாக வழிய அடித்துவிட்டால் அடியில் இருக்கிற ஊதா கரைந்து ஓடிவிடும். மெலிதாக. மறுபடியும் சொல்கிறேன், மெலிதாக.

இங்கே எனக்கு இது ஒரு வருடத்தில் இரண்டு மாதப் பிரச்சினை. உங்கள் ஊரில் கடல் வேறு பக்கத்தில்.

பழையகராஜ், வியாழன் காலை 7.00

பட்டறையில் இதற்கு "பூத்துப்போச்சு" என்போம். மழைக்காலத்தில் பெயின்டர் வேலைக்கு வரமாட்டான், அவன் சோம்பேறி என்று நான் கத்திக்கொண்டிருப்பேன். அவனுக்குக் காரணம் தெரிந்திருக்கிறது.

வெட்டுக்கிளி, அடுத்த செவ்வாய் இரவு 9.45

நேற்று வெயில் அடித்தது. அடித்தேன். போய்விட்டது! கூரையில் வெள்ளை அடையாளமே இல்லை. அக்கா, சென்னை வந்தால் காபி என்னுடையது.

அடுத்த சோதனை கண்ணாடி. கிட்டின் முன் கண்ணாடி எப்படியும் 4 மி.மீ. பெரிது, வெட்டிச் சின்னதாக்கலாம் என்று எடுத்தால், அதன் நடுவில் ஒரு வளைந்த பள்ளம். மூன்று வருடமாக டயர் அதன் மேல் சாய்ந்து கிடந்திருக்கிறது. மென்மையான டயரில் இருக்கிற எண்ணெய் கசிந்து பிளாஸ்டிக்கைத் தின்றுவிட்டது. வீட்டில் பிரிக்காத கிட் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் இன்றைக்கே டயரை எடுத்துத் தனிப் பையில் போடுங்கள்.

சரி என்று சட்டைப் பெட்டியின் கண்ணாடி மூடியை வெட்டினேன். முதலில் காகிதத்தில் வெட்டிப் பொருத்திப் பார்த்து, பிறகு அதை வைத்து மூடியில் வரைந்து வெட்டினேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது. சூப்பர் க்ளூ இரண்டு பொட்டு வைத்து ஒட்டிவிட்டுப் படுக்கப் போனேன். காலையில் ஓரமெல்லாம் புகைபடிந்த மாதிரி வெள்ளை.

புதுப்பையன், செவ்வாய் இரவு 9.58

மறுபடியும் மழையா அண்ணா?

தச்சன், செவ்வாய் இரவு 10.20

இது மழை இல்லை தம்பி, பசையின் ஆவி. அது காயேக்க பக்கத்தில இருக்கிற கண்ணாடியில போய்ப் படியும். கண்ணாடிக்கு எப்பவும் வெள்ளைப் பசைதான். காயும்போது தெளிந்துவிடும், கூடினாலும் ஈரத்துணியால் துடைக்கலாம்.

வெட்டுக்கிளி, செவ்வாய் இரவு 10.31

அதாவது ஃபெவிகால். ஐந்தாம் வகுப்பிலிருந்து கையில் இருந்த பொருள். புதிதாக வெட்டி அதிலேயே ஒட்டுகிறேன்.

வெட்டுக்கிளி, அடுத்த ஞாயிறு மாலை 6.15

முடிந்தது. பதினான்கு படம் இணைத்திருக்கிறேன்.

ஜன்னல் ஓரப் பட்டைகளுக்கு, சப்பாத்தி சுற்றுகிற அலுமினியத் தாளின் பின்னால் பசை தடவி, காயவிட்டு, ஒட்டி, புதுப் பிளேடால் ஓரம் சீவினேன். பாதி கிழிந்தது, பாதி நன்றாக இருக்கிறது. பக்கவாட்டு எழுத்துகளையும் சுரண்டி எடுத்துவிட்டேன், ஆகவே அது மெர்குரி என்று இனிமேல் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். டயரில் அகலமான வெள்ளைப் பட்டை. எஞ்சினில் எட்டு பிளக்குக்கும் வயர் இழுத்தேன். நிஜ வயர் 7 மி.மீ. என்றால் இங்கே 0.3 போதும், அந்தப் பழைய இயர்போன் இதற்கு உதவியது. சிலிண்டர்கள் எரிகிற 1-5-4-8-6-3-7-2 என்ற வரிசைப்படியே மாட்டியிருக்கிறேன். யாரும் பானெட்டைத் திறந்து எண்ணப்போவதில்லை, ஆனாலும்.

தச்சன், ஞாயிறு இரவு 7.40

முதுகுக் கோடு அருமை. மூன்றாவது படத்தை எங்கட கழகத்தில காட்டலாமோ?

மலர்விழி, ஞாயிறு இரவு 8.05

அந்த மூன்றாவது படத்தை நானும் ரொம்ப நேரம் பார்த்தேன். இன்னமும் வெட்டாமல் கட்டியிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக. ஊதாவுக்கு நூற்றுக்கு நூறு.

உடைந்த பம்பர் கொம்பு எந்தப் பக்கம்? தெரியவே இல்லை.

பழையகராஜ், ஞாயிறு இரவு 9.20

நல்ல வேலை தம்பி. பதினொன்றாவது படத்தில் பின் பம்பர் இடதுபக்கம் அரை மில்லி தூக்கி நிற்கிறது.

வெட்டுக்கிளி, ஞாயிறு இரவு 9.26

தெரியும் ஐயா. யாரும் பார்க்கமாட்டீர்கள் என்று நினைத்துத்தான் அதைப் பதினொன்றாவதாகப் போட்டேன். ஒட்டினது வெள்ளைப் பசைதான், இன்றைக்கு ராத்திரி கழற்றிவிடுகிறேன்.